வல்லினம் முதலில் வரும்

டெப்போவில் அவருக்கு வைத்த பெயர் ரைட்டு. பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். இருபத்தாறு வருடம் பஸ் கண்டக்டர். பின்படியில் நின்று "போலாம் ரைட்!" என்று அவர் ஒரு குரல் கொடுத்தால், அந்த பஸ் மட்டுமல்ல, முன்னால் தேமே என்று நிற்கும் பஸ்ஸும் சேர்ந்து நகரும் என்பார்கள். கொஞ்சம் மிகைதான். ஆனால் ரொம்ப மிகையில்லை. கல்யாணத்தன்று போட்டோக்காரர் "ரெடியா?" என்று கேட்டதற்கு, மாப்பிள்ளை பழக்கதோஷத்தில் "போலாம் ரைட்" என்றுவிட, மணப்பெண்ணுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. படத்தில் அந்த அம்மாள் இன்றைக்கும் வாயைப் பொத்தியபடிதான் நிற்கிறார்.

இன்னொரு பழக்கமும் அவருக்கு உண்டு. காலையில் முதல் நடை கிளம்பும் முன், பின்படிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஊருக்கே கேட்கும்படி ஒரு பிரார்த்தனை: "கடவுளே, ஏறினவங்க எல்லாரையும் பத்திரமா எறக்கி விட்டுடு!" அவ்வளவுதான். தனக்கென்று எதுவும் கேட்க மாட்டார். அந்த பஸ்ஸை ஓட்டியது அவர் மனைவியின் தம்பி. "கடவுளுக்குக் காது நல்லாத்தான் இருக்கு மாமா, கொஞ்சம் மெதுவா கேளுங்க" என்பான். "கண்டக்டர் குரல் கொடுக்காம வண்டி எப்படிடா மாப்ள கிளம்பும்?" என்பார் இவர். மேலே இருப்பவரும் ஒரு டிரைவர்தான், பின்னாலிருந்து சத்தம் வந்தால்தான் அவருக்குத் தெரியும் என்பது அவருடைய கணக்கு.

அந்தக் குரல்தான் போனது. காரணத்தை மூடி மறைப்பானேன்? சிகரெட். ஒவ்வொரு நடை முடிவிலும் ஒன்று. குரல் கரகரத்தபோது தூசி என்றார். நாலு மாதம் கழித்துப் பரிசோதித்த டாக்டர் தூசி என்று சொல்லவில்லை. குரல்வளையை முழுதாக எடுத்தாக வேண்டும், கழுத்தில் ஒரு துளை வைப்போம், இனி மூச்சு அதன் வழியாகத்தான், உயிர் தங்கும், குரல் தங்காது என்றார். ரைட்டு கேட்ட ஒரே கேள்வி, "அப்போ நான் யாரு டாக்டர்?"

ஆபரேஷன் முடிந்து இரண்டு மாதத்தில், கழுத்துத் துளையை மறைத்து ஒரு வெள்ளைத் துணியைக் கட்டிக்கொண்டு, டெப்போவுக்குப் போனார். அங்கே ஒரு கூட்டம் கூடியிருந்தது. நல்ல மனசுக்காரர்கள், ஆனால் யோசிக்காதவர்கள். ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, வெள்ளியில் ஒரு விசில் செய்து வைத்திருந்தார்கள். "குரல் போனா போகட்டும் மாமா! கண்டக்டருக்கு விசில் போதாதா? ஊதுங்க!" என்று மைத்துனனே கையில் கொடுத்தான்.

ரைட்டுவுக்குக் கண் கலங்கிவிட்டது. விசிலை உதட்டில் வைத்து, கன்னத்தை உப்பிக்கொண்டு ஊதினார். விசில் கம்மென்று இருந்தது. கழுத்துத் துணி மட்டும் படபடவென்று அடித்துக்கொண்டது. மூச்சு கழுத்தோடு போய்விடுகிறது, வாய்க்கு வருவதே இல்லை என்பது அத்தனை பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஏன், அவருக்கே தோன்றவில்லை. மறுபடி ஊதினார். மறுபடி துணிதான் அடித்தது. கைதட்டத் தயாராக இருந்தவர்கள் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்கள். மைத்துனன் திரும்பி நின்று பஸ் டயரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர் விசிலை அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்தார். அதன் பிறகு வெளியே போகவில்லை. பிரார்த்தனையும் நின்றுபோனது.

வீட்டில் பேச்சு என்பது ஒரு சிலேட்டில் நடந்தது. அதிலும் ஒரு சங்கடம். சண்டை வந்தால் இவர் மளமளவென்று எழுதி நீட்டுவார். அம்மணி கண்ணை இறுக்கி மூடிக்கொள்வார். கட்டின புருஷனோடு சண்டையில் ஜெயிக்க இதைவிடச் சுலபமான வழி உலகத்தில் உண்டா? ஆனால் ஒருநாள் காலையில் அந்த அம்மாள் கண்ணை மூடவில்லை. "கும்பிடறத ஏன் விட்டுட்டீங்க?" என்று நேராகவே கேட்டுவிட்டார்.

அவர் எழுதினார்: சத்தம் இல்லை. போய்ச் சேராது.

அம்மணி அதைப் படித்தார். பிறகு சொன்னார்: "நான் என்னிக்குங்க சத்தமா கேட்டேன்? நீங்க வேலைக்குக் கிளம்பினதும் கதவச் சாத்திட்டு, அதுமேல சாஞ்சு நின்னு ஒரே ஒரு வார்த்தை கேப்பேன், மனசுக்குள்ள. இந்த மனுஷனத் திருப்பிக் கொண்டாந்து சேத்துடுன்னு. இருபத்தஞ்சு வருஷமா ஒருநாள் தவறாம கேட்டிருக்கேன். நீங்க என்னிக்காவது வந்து சேராம இருந்தீங்களா? ஆஸ்பத்திரியிலேருந்தே வந்து சேந்துட்டீங்களே!"

ரைட்டு சிலேட்டைக் கீழே வைத்தார். ஊரையெல்லாம் பத்திரமாக இறக்கிவிடச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தவரைப் பத்திரமாக இறக்கிவிட்டது ஒரு வாய் திறக்காத வேண்டுதல் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கடவுள் வந்து தோளைத் தட்டினார், ஒளி தெரிந்தது என்றெல்லாம் நான் கதை விட மாட்டேன். மறுநாள் காலை அந்த மனிதர் கதவில் சாய்ந்து நின்று, மனைவி செய்ததையே செய்தார். அன்று மத்தியானம் சட்டை மாட்டிக்கொண்டு, பேச்சுப் பயிற்சிக்கு ஆஸ்பத்திரி போனார்.

பயிற்சி கொடுத்த மேடத்துக்குப் பொறுமை அதிகம். வாயிலிருக்கும் காற்றை உணவுக்குழாய்க்குள் தள்ளி, அதை ஏப்பம் போல மேலே விட்டு, அந்தச் சத்தத்தையே சொல்லாக்க வேண்டும். "எல்லா எழுத்தும் ஒண்ணா வராது. சின்ன வயசுல வல்லினம் படிச்சீங்களே, ஞாபகம் இருக்கா? க, ச, ட, த, ப, ற. அதுங்கதான் முதல்ல வரும். வாய் அழுத்தமா மூடித் திறக்கறதால காத்தை அதுங்களே உள்ள தள்ளிக் கொடுக்கும். ம, ன மாதிரி மெல்லினம், ய, ர, ல மாதிரி இடையினம் எல்லாம் பின்னாடி மெதுவாத்தான்" என்றார். ரைட்டு சிலேட்டில் எழுதினார்: அந்தப் பாடத்தில்தான் என்னை பெஞ்சு மேல் நிற்க வைத்தார்கள்.

தினமும் காலையில் ஒரு மணி நேரம். பா, டா, கா. முதலில் வெறும் காற்று. பிறகு விக்கல். அம்மணி சமையலறையிலிருந்து எட்டிப் பார்ப்பதும், பார்க்காத மாதிரி போவதுமாக இருந்தார். ஒன்பதாவது வாரம் ஒருநாள் அப்படி எட்டிப் பார்த்தபோது, ரைட்டு கையை வீசி வாயைத் திறந்தார். அடிவயிற்றிலிருந்து ஒரு சொல் தெளிவாக வந்து விழுந்தது: "போ."

நாலு மாதத்துக்கும் மேலாக ஊமையாக இருந்த மனுஷன் பெண்டாட்டியைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை! வேறு வீடாக இருந்தால் ரகளையாகியிருக்கும். அந்த அம்மாள் கரண்டியும் கையுமாக வாசலுக்கு ஓடி, "என்னப் போன்னுட்டாருங்க! வாயத் தொறந்து போன்னு சொல்லிட்டாரு!" என்று தெருவுக்கே கேட்க அழுது சிரித்தார். எதிர் வீட்டுக்காரர்கள் சண்டை விலக்க ஓடி வந்தார்கள்.

அடுத்த வாரம் இரண்டாவது சொல் வந்தது. அதை அவர் மனைவிக்குச் சொல்லவில்லை. கதவில் சாய்ந்து நின்று, மேலே பார்த்துச் சொன்னார்: "காப்பாத்து." தனக்காக அவர் கேட்ட முதல் பிரார்த்தனை அதுதான்.

பேச்சு வந்துவிட்டதே, கதை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். வீட்டுக்குள் பேசுவது வேறு, வெளியே பேசுவது வேறு. ஒருமுறை மருந்துக் கடையில் "பஞ்சு" என்று கேட்டார். பக்கத்தில் நின்ற பெண்மணி, "மூஞ்சியில ஏப்பம் விடறாரு பாரு, கொஞ்சமாவது இங்கிதம் இருக்கா?" என்று ஒதுங்கிப் போனார். அன்றோடு சரி. அன்னியர் முன்னால் வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டார்.

டெப்போவில் அவருக்கு வேறு வேலை கொடுத்திருந்தார்கள். பஸ்ஸில் பயணிகள் மறந்துவிட்டுப் போகும் பொருட்களை வைக்கும் அறை. குடைகள், சாப்பாட்டு டப்பாக்கள், ஒற்றைச் செருப்புகள், ஒரு தபேலா, யாரும் தேடி வராத ஒரு பல்செட். மேசைமேல் அவர் ஓர் அட்டையை நிறுத்தி வைத்திருந்தார்: "என்ன தொலைத்தீர்கள்? அடையாளம் சொல்லுங்கள்." வருகிறவர்கள் படித்துவிட்டுச் சொல்வார்கள். அடையாளம் சரியாக இருந்தால் எடுத்துக் கொடுத்து, பதிவேட்டில் கையெழுத்து வாங்குவார். வாய்க்கு வேலையே இல்லை. இப்படி ஒரு வருடம் போனது.

வீட்டில் பயிற்சி மட்டும் நிற்கவில்லை. கிட்டத்தட்ட எல்லா எழுத்தும் வந்துவிட்டது, ஒன்றைத் தவிர. சொல்லின் முதலில் ர வந்தால் மக்கர். "ஐட்டு" என்றுதான் வரும். தன் பெயரைத் தானே சொல்ல முடியாத மனிதராக இருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் பயிற்சி மேடம் ஆள் அனுப்பினார். ஆஸ்பத்திரியில் ஒரு டீச்சர் சேர்ந்திருக்கிறார். ஐம்பதைத் தொடும் வயது. ஆரம்பப் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுப்பவர். இவருக்கு வந்த அதே நோய். நாளைக் காலை ஆபரேஷன். ஆனால் அவர் பையைக் கட்டிவிட்டார், மத்தியானம் கிளம்புகிறார். "டாக்டர் சொல்லிப் பாத்துட்டார், நான் சொல்லிப் பாத்துட்டேன். இன்னும் ரெண்டு மாசம் தள்ளினா எதுவும் செய்ய முடியாது. அவங்களோட பேச உங்களைத் தவிர எனக்கு ஆள் இல்ல" என்று மேடம் எழுதியிருந்தார்.

ரைட்டு அந்தக் கடிதத்தை நாலு முறை படித்தார். அன்னியர் முன்னால் பேசுவதா? பேசாவிட்டால் அந்த அம்மாள் போய்விடுவாரே! கடைசியில் அறையைப் பூட்டிக்கொண்டு சிலேட்டோடு கிளம்பினார். எழுதிக் காட்டினால் போதாதா என்று ஒரு நப்பாசை.

டீச்சர் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பை மடியில். பக்கத்தில் மகள் அழுது அழுது முகம் வீங்கிப்போய் நின்றாள். "யாருங்க நீங்க?" என்றார் டீச்சர். குரல் ஏற்கெனவே கம்மியிருந்தது, அதட்டல் மட்டும் குறையவில்லை.

ரைட்டு சிலேட்டில் எழுதி நீட்டினார்: பயப்படாதீர்கள். கடவுள் இருக்கிரார்.

டீச்சர் படித்தார். கை தானாகவே பலப்பத்தை வாங்கியது. 'ரா'வைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, மேலே 'றா' என்று எழுதித் திருப்பிக் கொடுத்தார். "வல்லின ற வரணும். கடவுளப் பத்தி எழுதறப்பவாவது பிழையில்லாம எழுத வேண்டாமா?" என்றவர், கொஞ்சம் தணிந்து, "இப்படி எழுதி எழுதித்தான் நான் இனிமே பாடம் நடத்தணுமா? அதுக்கு நான் இருக்கறதைவிடப் போறதே மேல்" என்றார்.

மகள் விம்மினாள். ரைட்டு சிலேட்டைப் பார்த்தார். பிறகு அதைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டார். மருந்துக் கடைப் பெண்மணியின் முகம் ஒருதரம் வந்து போனது. போகட்டும் என்று வாயைத் திறந்தார்.

"டீச்சர். வல்லினம்... போகாது."

அந்தச் சத்தத்தில் டீச்சர் திடுக்கிட்டார். மகள் ஓரடி பின்னால் போனாள். ரைட்டு நிறுத்தவில்லை. துண்டு துண்டாக, இடையிடையே காற்றை உள்ளே தள்ளிக்கொண்டு, தன் கதையைச் சொன்னார். சிகரெட்டைச் சொன்னார். விசிலைச் சொன்னார், துணி படபடத்ததைச் சொன்னார். சிலேட்டுச் சண்டையைச் சொன்னபோது மகளுக்கு அழுகையிலும் சிரிப்பு வந்துவிட்டது. மனைவி கதவில் சாய்ந்து கேட்டதைச் சொன்னார். முதல் வார்த்தை 'போ' என்றதும் டீச்சரே உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"ரெண்டாவது வார்த்தை என்ன?" என்றார் டீச்சர். பை மடியிலிருந்து சரிந்து கட்டிலில் கிடந்தது.

"காப்பாத்து."

டீச்சர் அதை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பிறகு விரல் விட்டு எண்ணினார். "கா... ப், பா... த், து." அவர் கண் விரிந்தது. "அத்தனையும் வல்லினம்!" இருபத்தெட்டு வருடமாக வல்லினம் நடத்திய டீச்சருக்கு அது அன்றைக்குத்தான் தெரிந்தது. "எல்லாத்தையும் எடுத்துட்டு, இந்த ஒரு வார்த்தைக்கு வேண்டிய எழுத்த மட்டும் விட்டு வச்சிருக்கான் பாருங்க" என்று சொல்லிவிட்டு, மகளின் தோளில் முகத்தைப் புதைத்து அழுதார். வந்த நாளிலிருந்து அவர் அழுதது அதுதான் முதல்முறை என்று மகள் பிற்பாடு சொன்னாள்.

மத்தியானம் யாரும் கிளம்பவில்லை. சாயங்காலம்வரை அந்த இருவரும் எழுத்துகளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். டீச்சரிடம் குறை தப்புமா? "உங்க பேரையே ஐட்டுன்னு சொல்றீங்களே!" என்று பிடித்துவிட்டார். "ர தமிழ்ல சொல்லுக்கு முதல்ல தனியா நிக்காது. ரயில இரயில்னு எழுதறோமே, எதுக்கு? முன்னால ஒருத்தர் கை பிடிக்கணும் அதுக்கு. நீங்க போலாம்னு சொல்லி நிறுத்திட்டு, ரைட்ட தனியா ஆரம்பிக்கறீங்க. நிறுத்தாதீங்க. ப-வுக்குத் தள்ளின காத்துலயே ரைட்டையும் ஏத்திக்கிட்டுப் போங்க."

ரைட்டு முயன்றார். வரவில்லை. "நாளைக்கு வரும்" என்றார் டீச்சர், பிள்ளைகளிடம் சொல்வது போல.

மறுநாள் காலை டீச்சரைத் தள்ளுவண்டியில் படுக்க வைத்து, ஆபரேஷன் அறைக்குப் போகும் நீண்ட தாழ்வாரத்தில் நிறுத்தியிருந்தார்கள். ரைட்டு வண்டியின் கால்மாட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். போகிறவர் வருகிறவர் திரும்பிப் பார்க்கப் பார்க்க, அந்த ஏப்பக் குரலிலேயே கேட்டார்: "கடவுளே... ஏறினவங்கள... பத்திரமா எறக்கி விட்டுடு."

டீச்சர் தலையைத் தூக்கிப் பார்த்தார். தன் சொந்தக் குரலில் அவர் பேசிய கடைசி வாக்கியம் இது: "எல்லாரும் ஏறியாச்சு, கண்டக்டர்."

ரைட்டு காற்றைத் தள்ளினார். நிறுத்தவில்லை.

"போலாம்ரைட்."

வண்டி நகர்ந்தது. கதவு மூடியது. தன் பெயர் தன் வாயில் வந்துவிட்டது என்பதே அவருக்குக் கொஞ்சம் கழித்துத்தான் தெரிந்தது. ஓரமாக நின்ற பயிற்சி மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அன்று டெப்போவுக்குத் திரும்பியதும் மேசைமேலிருந்த அட்டையை எடுத்து அலமாரிக்குப் பின்னால் போட்டார். வருகிறவர்களிடம் தானே கேட்கத் தொடங்கினார். சிலர் முகம் சுளித்தார்கள். சுளிக்கட்டும். சனிக்கிழமை தோறும் ஆஸ்பத்திரி போய், படுக்கை படுக்கையாக உட்கார்ந்து அதே கதையைச் சொன்னார். விசில் கட்டம் வந்ததும் பையிலிருந்து அந்த வெள்ளி விசிலை எடுத்து ஊதிக் காட்டுவார். துணி படபடக்கும். அழுதுகொண்டிருப்பவர்கூடச் சிரித்துவிடுவார். இதுவரை பதினேழு பேர் அவர் பேச்சைக் கேட்டு ஆபரேஷனுக்குச் சம்மதித்திருக்கிறார்கள். அவர் எண்ணவில்லை. அம்மணிதான் எண்ணி வைத்து, போவோர் வருவோரிடமெல்லாம் பெருமையடித்துக்கொள்கிறார். அடித்துக்கொள்ளட்டுமே! கதவில் சாய்ந்து நின்றது யார்?

ஐந்து மாதம் கழித்து ஒரு முற்பகல். ரைட்டு குனிந்து ஒரு குடைக்குச் சீட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். யாரோ வந்து நிற்கும் நிழல் தெரிந்தது. நிமிராமலே கேட்டார்: "என்ன தொலைச்சீங்க?"

அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் வந்தது. "கு...ரல்."

அந்தச் சத்தம் அவருக்குத் தெரியாதா? நிமிர்ந்து பார்த்தார். டீச்சர். கழுத்தில் இஸ்திரி போட்ட துணி, கையில் பள்ளிக்கூடப் பை, பின்னால் பல்லெல்லாம் தெரிய மகள். திங்கட்கிழமை திரும்ப வேலையில் சேர்கிறார், முதல் பாடமே வல்லினம்தான் என்று மகள் படபடவென்று சொன்னாள்.

ரைட்டுவுக்குத் தொண்டை அடைத்தது என்று எழுத வந்தேன். அவருக்கு அது ஏது? நெஞ்சுதான் அடைத்தது. ஆனாலும் விதி விதிதானே. முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு கேட்டார்: "அடையாளம் சொன்னாத்தான் தருவோம்."

டீச்சர் காற்றை உள்ளே தள்ளினார். அவசரப்படவில்லை. ஒவ்வொரு எழுத்தாக, வகுப்பில் சொல்வது போலச் சொன்னார்.

"காப்... பாத்... து."

அடையாளம் சரியாக இருந்தது. ரைட்டு பதிவேட்டை எடுத்து, தேதி போட்டு, ஒற்றைச் செருப்புக்கும் சாப்பாட்டு டப்பாவுக்கும் கீழே எழுதினார்: குரல், ஒன்று. உரியவர் பெற்றுக்கொண்டார். எழுதி முடித்துக் கையெழுத்துக்குத் திருப்பி வைத்தார்.

டீச்சர் கையெழுத்துப் போடும் முன் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, அந்த வரியை எழுத்து எழுத்தாகப் பார்த்தார். 'பெற்று'வில் கொஞ்சம் நின்றார். பிழை எதுவும் இல்லை. பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து, பக்கத்தில் பெரிதாக ஒரு ரைட் போட்டார்.